ஆறு பெட்டித் தேனீயும் ஒரு தும்மலும்

வீன்ஸின் தக்காளிப் பண்ணைக்குள் நுழைய மூன்று பரீட்சைகள் உண்டு. பூட்ஸைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைக்க வேண்டும். வெள்ளை அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். கடைசியாக முதலாளி கார்னெலியஸ் வீன்ஸ் பக்கத்தில் வந்து நம்மை மோந்து பார்ப்பார்.

மூன்றாவதில் நான் ஃபெயில்.

"தலையில என்னய்யா தடவியிருக்க?"

"தேங்கா எண்ணெய்."

"கழுவிட்டு வா. என் பூச்சிக்கு ஆகாது."

"சார், அதுவும் மரத்துல காய்க்கிறதுதான்."

"என் வீட்டுல காய்க்கல."

வெளியே பிப்ரவரி. லீமிங்டனில் ஏரிக்காற்று காதைக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தது. நான் குழாயடியில் தலையைக் கழுவிவிட்டு, அங்கியின் கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். என் பெயர் டெஸ்மண்ட் போகிள். ஜமைக்காவிலிருந்து தக்காளி பறிக்க வந்து, பறித்து முடித்த பிறகும் ஊர் திரும்பாமல் கனடாவில் இந்த ஒண்டாரியோவிலேயே ஒட்டிக்கொண்டவன். இப்போது மிஸ் ஐடாவுக்கு வேன் ஓட்டுகிறேன்.

மிஸ் ஐடா ஃபெராரோ பூச்சியியல் படித்தவர். இந்த வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் பூச்சி செத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், சாகாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற துப்பறிவாளர்கள் இரண்டு கால் பிணத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். எங்களுக்கு வாய்ப்பதெல்லாம் ஆறு கால்.

அன்றைக்குப் பிணங்கள் ஏராளம். ஆறு பெட்டி நிறைய குண்டுத் தேனீ.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே காற்று கிடையாது. பூவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு யாராவது உலுக்கினால்தான் தக்காளி காய் பிடிக்கும். அந்த வேலைக்குத்தான் அட்டைப்பெட்டிகளில் குண்டுத் தேனீயைக் குடிவைக்கிறார்கள். வீன்ஸின் ஒன்பதாம் கண்ணாடி வீட்டில் ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக ஊமையாகிக்கொண்டே வந்திருந்தது.

"நீங்க வந்ததே வீண், ஐடா," என்றார் வீன்ஸ். உயரமான மனிதர். சிரிப்பதற்கு வரி போட்டிருக்கிறார்கள் என்பது போன்ற முகம். "குற்றவாளி கிடைச்சாச்சு. இதோ நிக்கிறா."

கதவோரம் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள் மிரேய் பெனட்டோ. அந்தப் பண்ணையின் பூச்சி அதிகாரி. வெள்ளை ஈயைத் தின்னுகிற பூச்சி எது, செடிப்பேனுக்கு எமன் எது என்று பார்த்துப் பார்த்து வளர்த்து, ஒரு சொட்டு மருந்து இல்லாமல் இரண்டு வருஷம் தக்காளி எடுத்துக் கொடுத்தவள். பெட்டிக்குள் அவளுடைய பூதக்கண்ணாடி, ஒரு காபிக் கோப்பை, ஒரு ஜோடி கையுறை. காலையில்தான் வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்கள்.

"நான் எதையும் தெளிக்கல, மிஸ் ஐடா," என்றாள். "உங்கள நான்தான் கூப்பிட்டேன். இவரு இல்ல."

"அவ லாக்கர்ல தெளிப்பான் இருந்துது," என்றார் வீன்ஸ்.

"அதுல தண்ணி! சிலந்திப்பேனைத் தின்ற பூச்சிக்கு ஈரம் வேணும். ஈரத்தை ஏத்துங்கன்னு கேட்டேன், கேஸ் செலவுன்னீங்க. அதான் நானே இலைக்கு இலை அடிச்சேன்."

"தண்ணின்னு நீ சொல்ற."

"குடிச்சுக் காட்டட்டுமா?"

ஓரமாக நின்ற ஒருவன் இதைக் கேட்டுச் சிரித்தான். மருந்து விற்கும் கர்ட் பெல்லமி. அவனுடைய தெளிப்பு லாரி வெளியே நின்றிருந்தது. தேனீதான் பாதி போய்விட்டதே, இனிமேல் மருந்தடிக்க என்ன தடை என்று வீன்ஸ் முடிவெடுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லாரி உள்ளே வரும். வந்தால் மிரேயின் இரண்டு வருஷ உழைப்பு ஒரே மூச்சில் செத்து விழும்.

"அது போனாக்கூடப் பரவாயில்ல," என்றாள் மிரேய். "இவரு காலையில காபிக் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. பூச்சி ஆபீசரே மருந்தடிச்சான்னு. இங்கேருந்து கிங்ஸ்வில் வரைக்கும் இனிமே எவன் எனக்குக் கதவு தொறப்பான்? எங்கம்மா பல் டாக்டராகச் சொன்னாங்க. நான்தான் பூச்சி, பூச்சின்னு பிடிவாதம் பிடிச்சுப் படிச்சேன்."

"பல்லைவிடப் பூச்சி எவ்வளவோ மேல்," என்றேன் நான். "வாய் நாறாது."

"டெஸ்," என்றார் மிஸ் ஐடா. அதற்கு அர்த்தம், வாயை மூடு.

*

ஒன்பதாம் வீட்டின் நடுப்பாதை ஒரு நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் தக்காளிக் கொடிகள் கயிற்றைப் பிடித்துக் கூரைவரை ஏறியிருந்தன. பாதையோரம் தேனீப் பெட்டிகள். சில இடுப்பளவு மேடையில் இருந்தன, சில கம்பியில் தலைக்கு மேலே தொங்கின.

மிஸ் ஐடா முதல் ஊமைப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். தும்மினார்.

"ஆயுசு நூறு," என்றேன்.

இரண்டாவது பெட்டி. மறுபடி தும்மல். மூன்றாவதில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"தூசி," என்றார் வீன்ஸ், யாரையோ கண்டிப்பது போல.

தொங்குகிற பெட்டிகள் ரீங்காரம் போட்டுக்கொண்டு உயிரோடிருந்தன. மிஸ் ஐடா ஏணி போடச் சொல்லி அவற்றையும் ஒவ்வொன்றாக மூக்கு உரசுகிற அளவுக்குப் பார்த்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை. இதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "டெஸ்" என்றார்.

பிறகு அவர் ஒரு தக்காளி இலையைத் திருப்பினார். ஊசிமுனை அளவு பூச்சிகள் அங்கே சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன.

"கர்ட், உன் மருந்தை இங்க அடிச்சா இதுங்க என்னாகும்?"

"பரலோகம்," என்றான் கர்ட் பெருமையாக.

"அப்போ இங்க யாரும் மருந்தடிக்கல. செத்த பெட்டிக்குக் கையெட்டுற தூரத்துல இதெல்லாம் குடும்பம் நடத்திட்டிருக்கு. விஷம் காத்துல வரல, இலையில வரல. நேரா பெட்டிக்கு மட்டும் வந்திருக்கு."

வீன்ஸின் புருவம் ஏறியது. "சரி, பெட்டிக்குள்ள ஊத்தியிருக்கா. அதுவும் கீழ இருக்கிற பெட்டிங்க மட்டும்தான் செத்துருக்கு. பாருங்க, இவ குள்ளம்."

மிரேய் வாயைப் பிளந்தாள். குள்ளமாக இருப்பது குற்றம் என்று ஆகிவிட்டால், என் அத்தைமார் அத்தனை பேரையும் உள்ளே தள்ள வேண்டியதுதான்.

"இதைப் பாருங்க," என்றார் மிஸ் ஐடா. செத்த பெட்டியின் அட்டை மூடி நடுவில் குழிந்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஆறும் அப்படியே. "இது மேல எதையோ வச்சிருக்காங்க. கனமா, மெத்துன்னு."

"சாப்பாட்டுப் பையா இருக்கும்," என்றார் வீன்ஸ் அவசரமாக.

"இந்த வீட்டுக்குள்ள யார் யார் வருவாங்க?"

வீன்ஸ் சொன்னார்: பறிக்கிறவர்கள், கொடி கட்டுகிறவர்கள், குழாய் பார்க்கிறவர், தான், மிரேய்.

"வேற யாரும்?"

"வேற யாரும் இல்ல."

அந்த நேரத்தில் நடந்தது வேடிக்கை. வீன்ஸ் கூரையைப் பார்த்தார். மிரேய் தரையைப் பார்த்தாள். கர்ட் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தான். மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு, மூன்று பேரும் சொல்லவில்லை. எனக்கு மூக்கு வியர்த்தது.

மிஸ் ஐடா ஒன்றும் கேட்காமல் சுவரோரமாகப் போனார். அங்கே எலிப்பொறி ஒன்று இருந்தது. திறந்தார். உள்ளே பிஸ்கட் துண்டு அப்படியே இருந்தது, மேலே தூசி படிந்து. அடுத்த பொறியிலும் அதே கதை.

"குளிர்காலம். உள்ளே சூடு, தக்காளி, தண்ணி. ஊர்ல இருக்கிற எலியெல்லாம் இங்கதானே குடிவந்திருக்கணும்?"

"சுத்தமா வச்சிருக்கோம்," என்றார் வீன்ஸ்.

"ஜனவரியில சூடேத்துற பாய்லர் மக்கர் பண்ணிச்சா?"

"ஒரு வாரம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இப்பவும் தரை சில்லுனுதான் இருக்கு."

மிஸ் ஐடா என் பக்கம் திரும்பினார். "டெஸ், வேன்ல என் வெந்நீர்ப் பை இருக்கு. சுடச்சுட நிரப்பிக் கொண்டா."

"இடுப்பு வலியா, மிஸ் ஐடா?"

"கொலைகாரனுக்கு விருந்து."

*

வெந்நீர்ப் பையை ஒரு காலிப் பெட்டிக்குள் வைத்து, மூடியை மூடி, தாழ்ந்த மேடை ஒன்றில் வைத்தோம். பிறகு கொடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஐந்து பேர், வெள்ளை அங்கி, தலையில் வலைத்தொப்பி. அந்த நேரத்தில் யாராவது எங்களைப் பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"இது சின்னப்புள்ள விளையாட்டு," என்றார் வீன்ஸ். அவர் நெற்றியில் வியர்வை. இத்தனைக்கும் தரை சில்லென்றிருந்தது.

"உங்களுக்கு வேணும்னா போகலாம்," என்றார் மிஸ் ஐடா.

அவர் போகவில்லை.

ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை. பாதையின் கோடியில் கொலைகாரன் தெரிந்தான். அவசரமே இல்லாத நடை. ஒவ்வொரு பெட்டியாக நின்று பார்த்துக்கொண்டு வந்தான். ஊமைப் பெட்டிகளைச் சீந்தவில்லை. எங்கள் பெட்டியருகே வந்ததும் நின்றான், ஒரே தாவலில் மேலே ஏறினான், இரண்டு சுற்றுச் சுற்றினான், சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆரஞ்சு நிறம். நல்ல போஷாக்கு. கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை.

மிஸ் ஐடா கூரை அதிரத் தும்மினார். "எனக்குப் பூனை ஆகாது," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உயிரோட இருக்கிற பெட்டியில தும்மல் வரல. செத்ததுல எல்லாம் வந்துது. தேனீ தன் பெட்டிய எப்பவும் கதகதன்னு வச்சிருக்கும். பாய்லர் போன வாரம் இவன் அந்தச் சொகுசைக் கண்டுபிடிச்சுட்டான். கழுத்துல தெள்ளுப்பூச்சிக்கான பட்டை. தெள்ளைக் கொல்ற மருந்துக்குத் தேனீ எந்த மூலைக்கு? படுத்த பெட்டிய முடிச்சுட்டு, சூடு போனதும் அடுத்ததுக்கு மாறியிருக்கான்."

"பூனையா!" என்றேன் நான். "இவ்வளவு பெரிய பூனைய ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"இங்க பூனை கிடையாது," என்றார் வீன்ஸ்.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். கிடையாத பூனை கொட்டாவி விட்டது.

மிரேய் மெல்லச் சொன்னாள். "சாப்பிடுற பொருள் விளையற இடத்துல மிருகம் இருக்கக் கூடாது. ஆய்வாளர் பாத்தா எழுதிட்டுப் போயிடுவாரு, பெரிய கடைங்க சரக்கு வாங்காது. அதனால வேலைக்குச் சேர்ந்த மொதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க, இங்க பூனை இல்லன்னு. நானும் பழகிட்டேன். இன்னைக்கு உங்ககிட்டகூட வாய் வரல பாருங்க." அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பெட்டிய வெயில் படாத இடத்துல வச்சேனா, சர்க்கரைத் தண்ணி கெட்டுப்போச்சா, எல்லாத்தையும் பாத்தேன். இல்லாததைப் பாக்கத் தோணல."

"பட்டைய யார் கட்டினது?" என்று கேட்டார் மிஸ் ஐடா.

"அது யாரோட பூனைன்னே எனக்குத் தெரியாது," என்றார் வீன்ஸ். "நான் அதைத் தொட்டதுகூட இல்ல."

பூனை கண்ணைத் திறந்தது. இறங்கியது. என்னைக் கடந்தது, கர்ட்டைக் கடந்தது, மிரேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளையும் கடந்தது. வீன்ஸின் பூட்ஸ் மேல் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் மாதிரி உறுமத் தொடங்கியது.

வீன்ஸ் திருதிருவென்று முழித்தார். பிறகு அந்த நெட்டை மனிதர் குனிந்து, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதில் பழக்கம் தெரிந்தது.

"தெள்ளு இருக்குன்னு இவதான் சொன்னா," என்றார். "கையில கடிச்சிருக்குன்னு காட்டினா. நான் பட்டை வாங்கிக் கட்டினேன். செடியில எதைப் போட்டாலும் பூச்சி ஆபீசர்கிட்ட சொல்லணும்னு சட்டம் போட்டவனே நான்தான். ஆனா இது செடி இல்லையே."

இந்தத் தடவை மிஸ் ஐடா என்னை அடக்க வேண்டியிருக்கவில்லை.

மிஸ் ஐடா கையுறையோடு பட்டையைக் கழற்றி ஒரு பையில் போட்டார். கர்ட்தான் முதலில் தொண்டையைச் செருமினான்.

"இதை இங்கயே முடிச்சுக்கலாமே. தேனீ அனுப்புன கம்பெனி மட்டமான சரக்கை அனுப்பிட்டான்னு சொல்லிடுங்க. பூனை வெளிய தெரிய வேணாம். அடுத்த வாரம் ஆய்வு வேற இருக்கு."

"அப்போ என் பேரு?" என்றாள் மிரேய்.

"உன்ன திரும்ப வேலைக்கு எடுத்துக்குவாரு. அப்புறம் என்ன?"

"காலையில ஊருக்கே சொன்னாரே. அதை யாரு திருப்பி வாங்குறது? வேலைய எடுத்துக் கொடுத்துட்டா போதுமா? நான் இதைத் தவிர வேற எதுக்கும் ஆசைப்படல, கர்ட். விஷம் வச்சவன்னு பேரு வாங்கிட்டு இந்தத் தொழில்ல நான் எங்க போய் நிப்பேன்?"

அவள் அழுதுவிட்டாள். மறைக்கவும் இல்லை. வீன்ஸ் பூனையைத் தடவிக்கொண்டே நின்றார். காபிக் கடையில் போய் உண்மையைச் சொன்னால், ஊர் சிரிக்கும். ஆய்வாளர் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டும் அவர் முகத்தில் மாறி மாறி ஓடின.

பிறகு பூனையை மிரேயின் கையில் கொடுத்தார்.

"லாரிய எடுத்துட்டுப் போ, கர்ட்," என்றார். என்னைப் பார்த்து, "உன் வேன்ல இடம் இருக்கா?" என்றார்.

*

காபிக் கடையில் பண்ணைக்காரர்களுக்கென்று ஒரு வட்ட மேசை உண்டு. காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டார்கள். தக்காளி விலையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை அங்கேதான் தீர்ப்பு.

பூனையைப் பண்ணை ஆபீசில் அடைத்துவிட்டு நாங்கள் நால்வரும் வந்திருந்தோம். வீன்ஸ் அந்த மேசையருகே போய் நின்றார். உட்காரவில்லை. வலைத்தொப்பி இன்னும் தலையில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"காலையில இந்தப் பொண்ணைப் பத்தி ஒண்ணு சொன்னேன்," என்றார். "அது பொய். இவ ஒரு சொட்டுகூடத் தெளிக்கல. என் பண்ணையில ஒரு பூனை இருக்கு. அதுக்குத் தெள்ளுப் பட்டை கட்டினது நான். அது தேனீப் பெட்டி மேல படுத்துத் தூங்கிருக்கு. ஆறு பெட்டியையும் கொன்னது நான்தான்."

நான் சிரிப்புக்குத் தயாரானேன். பத்து வருஷத்துக்குப் பேசிச் சிரிக்க இது போதும். மிரேய் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மிளகாய்ப் பண்ணை வைத்திருக்கும் சால் கார்போனி கையிலிருந்த டோநட்டைத் தட்டில் வைத்தார்.

"பட்டை என்ன கலரு?"

"சாம்பல்."

சால் எழுந்து கோட்டை மாட்டினார்.

"ஏன் சால், உங்கிட்ட பூனை இருக்கா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"இல்ல," என்றார் சால். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கேட்டவரும் எழுந்தார். அவரிடமும் பூனை இல்லையாம். அவரும் ஓடினார். இன்னும் இரண்டு பேர் காபியை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியேறினார்கள். வாசலில் நான்கு வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்ப முயன்று ஹாரன் அடித்துக்கொண்டன.

மிச்சமிருந்தது டோரீன் ஹில்மன் என்ற வெள்ளரிக்காய்ப் பண்ணைக்காரம்மா. தக்காளியும் கொஞ்சம் போட்டிருந்தார்.

"என்கிட்டயும் பூனை கிடையாது," என்றார் அவர் மிரேயிடம். "ஆனா ரெண்டு பெட்டி நாலு நாளா சத்தமே இல்ல. நீ இப்பவே வந்து பாக்க முடியுமா, கண்ணு? உனக்கு நிரந்தரமா இடமும் இருக்கு."

"அவ என் ஆளு," என்றார் வீன்ஸ்.

"காலையில இல்லன்னு சொன்னீங்களே," என்றாள் மிரேய்.

வீன்ஸ் அப்போதுதான் வலைத்தொப்பியைக் கழற்றினார். "தப்பு பண்ணிட்டேன்," என்றார். "உன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, ஊருகிட்ட போய்ச் சொல்லிட்டேன். அதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. நீ திரும்பி வரணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டோரீனைப் பார்த்தாள், வீன்ஸைப் பார்த்தாள். மிஸ் ஐடா சுவரில் இருந்த விலைப்பட்டியலை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல இவங்க பெட்டியப் பாக்கப் போறேன்," என்றாள் மிரேய். "நாளைக்கு உங்க பண்ணைக்கு வர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. இனிமே உங்க பண்ணையில எதெல்லாம் இல்லையோ, அதையெல்லாம் மொதல்ல என்கிட்ட சொல்லிடணும்."

வீன்ஸ் சரி என்று தலையாட்டினார். கதவுவரை போனார். நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மூணாம் வீட்டுல ரெண்டு கோழியும் இல்ல," என்றார்.